இருபத்து மூன்று கெண்டிகளுக்குத் துக்கம் காத்தவர்

பெங் மூஷான் தம் ஐம்பத்தோராம் வயதுவரை ஒரு பொருளையும் செய்தவரல்லர். ஜிங்தெஜென் நகரில் இது அரிய நிலை. அங்கே மண் பிசைபவர், சக்கரம் சுற்றுபவர், கோடு மட்டும் வரைபவர், அந்தக் கோட்டுக்குள் நீலம் மட்டும் நிரப்புபவர், மெருகில் முக்குபவர், முக்கியெடுத்த கலத்தை ஊதித் தூசு போக்குபவர் என்று ஒரு கலம் எழுபது கை மாறிய பிறகே சூளைக்குள் போகும். வெளியே வந்தபின் எழுபத்தோராவது கை ஒன்று உண்டு. அந்தக் கை பெங்குடையது. அரசச் சூளையில் சுட்டெடுத்தவற்றுள் தேறாத கலங்களை உடைப்பது அவர் வேலை.

பேரரசருக்கென்று செய்த கலம் பேரரசரிடம் போக வேண்டும். போகும் தகுதி அதற்கில்லையென்றால் உலகில் வேறு யாரிடமும் இருக்கக் கூடாது. ஆகவே முத்துக் குன்றின் அடியில் குழிகள் வெட்டியிருந்தார்கள். நீலவெள்ளைப் பீங்கானில் எள்ளளவு குறை தென்பட்டாலும் அது பெங்கின் மரச்சுத்தியலைக் கடந்துதான் அக்குழிக்குள் போயிற்று.

இந்தத் தொழிலுக்குக் கைவினைக் குடிகளின் பதிவேட்டில் தலைப்பில்லை. பெங்கின் தந்தையார் காலத்து எழுத்தர் ஒருவர், அவர் கையிலிருந்த மரச்சுத்தியலைப் பார்த்துவிட்டுத் தச்சர் என்று எழுதிக்கொண்டார். அதிலிருந்து ஆண்டுதோறும் வசந்த காலத்தில், தச்சர் பெங் அவ்வாண்டு செய்த நாற்காலிகள் எத்தனை என்று கேட்டு மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். ஏதுமில்லை என்று பதில் போகும். இரண்டு தலைமுறையாக ஒரு முக்காலிகூடச் செய்யாத தச்சர் குடும்பம் என்று அலுவலகத்தில் அவர்களுக்கு நிலையான அவப்பெயர் உண்டு.

ஆனால் தம் தொழிலில் பெங் தேர்ந்தவர். கிண்ணத்துக்கு அடிவளையம், தட்டுக்கு விளிம்பிலிருந்து மூன்று விரற்கடை உள்ளே, கெண்டிக்குக் கைப்பிடி வயிற்றோடு சேரும் இடம் என்று அடிக்க வேண்டிய இடமெல்லாம் அவருக்கு அத்துப்படி. கலத்துக்குச் சுத்தியலின் ஒரே அடி. சில்லுகள் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் யாரேனும் எடுத்து ஒட்டிவிடக்கூடும். பொடியாகிப்போனால் எண்ணிச் சரிபார்க்க முடியாது. இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் கலை என்பது அவர் கொள்கை. ஊரில் யார் வீட்டிலாவது பாத்திரம் கைதவறி விழுந்து சிதறினால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது உடைஞ்சது. உடைச்சது இல்ல" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

அந்த ஆண்டு தலைநகரிலிருந்து வந்த ஆணை வேறு வகையானது. அரண்மனைப் புத்தர் சந்நிதியில் நீர் வைப்பதற்காக, வாய்விளிம்பு துறவியின் குல்லாய் போல் படிபடியாக எழும் நீலவெள்ளைக் கெண்டிகள் இருபது வேண்டும். வயிற்றைச் சுற்றித் தாமரை, சங்கு, சக்கரம், குடை, மீன் முதலான எட்டு மங்கலச் சின்னங்கள் இருக்க வேண்டும். இருபது தேறுவதற்காக நாற்பத்து மூன்று சுட்டார்கள். சூளை திறந்த அன்று காலையில், அரண்மனையிலிருந்து வந்து எட்டு மாதமே ஆகியிருந்த மேற்பார்வைப் பிரபு, ஆண்மை நீக்கப்பட்ட அந்தப்புர அலுவலரான ஃபெய் ஜின் ஒவ்வொன்றையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து இருபதைத் தேர்ந்தெடுத்தார். எஞ்சிய இருபத்து மூன்றும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டன. மும்முறை எண்ணிய பிறகே உடைக்க வேண்டும் என்பது ஃபெய் கொண்டுவந்த புது விதி. இரண்டாம் முறை எண்ணி முடிப்பதற்குள் உணவுவேளை வந்துவிட்டது.

வீட்டில் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் ஒரு துணிமூட்டை இருந்தது.

"இது என்ன மூட்டை?" என்று கேட்டார் பெங்.

"என் துணி. ரெண்டு சட்டை, ஒரு சீப்பு, ஜபமாலை" என்றார் அவர் மனைவி ரூய்லான். அவர் மூன்றாண்டுகளாக மரக்கறி நோன்பு பூண்டு, அமிதாப புத்தர் நாமம் சொல்லும் பெண்கள் சங்கத்தில் சேர்ந்திருந்தார்.

"எங்க போற?"

"அது உன் கையில இருக்கு. இந்தத் தடவ என்ன கலம்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? புத்தருக்குத் தண்ணி வைக்கிற கெண்டி! அதத்தான நீ போட்டு உடைக்கப் போற?"

"அது தேறாத கலம், ரூய்லான். ஒண்ணுல நீலம் ஓடிப்போச்சு. ஒண்ணுல மூக்கு கோணல்."

"உனக்குந்தான் மூக்கு கோணல். உன்னைத் தூக்கி யாராச்சும் குழியில போட்டாங்களா?"

பெங் சோற்றில் உப்பிட்ட கீரையைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரூய்லான் விடவில்லை.

"சங்கத்துல பெரியக்கா வாசிச்சாங்க. ஒரு மங்கலச் சின்னத்தை உடைச்சா ஒரு பனி நரகம். கெண்டிக்கு எட்டு. நீயே கணக்குப் போட்டுக்க. எத்தனையோ பிறவி நடுங்கிக்கிட்டுக் கெடக்கப்போற ஆளோட என்னால குடும்பம் நடத்த முடியாது. நீ ஒரு கெண்டியைத் தொட்டாலும் நான் படகேறி அக்கரைப் பிக்குணி மடத்துக்குப் போயிடுவேன்."

"உடைக்கலன்னா அரசர் பொருளை வச்சுக்கிட்டேன்னு என் தலையை எடுத்துடுவாங்களேம்மா!"

"தலை போனா ஒரு பிறவிதான போகும்?"

இருபத்தாறு ஆண்டு இல்லறத்தில் ரூய்லான் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை. ஒருமுறை அண்டை வீட்டுக்காரியோடு பேசமாட்டேன் என்றார். அந்த அம்மாள் இறந்து, அடக்கமாகி, வீடும் கைமாறிவிட்டது. இன்னும் அந்த வாசலைப் பார்த்து நின்றதில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் பெங் ஊரிலிருந்த பிக்குகளின் மடத்துக்கு ஓடினார்.

மடத்துத் தலைவர் சியூன் பருத்த உடம்பும் இளகிய மனமும் உடையவர். தர்ப்பூசணி விதை கொறித்தபடியே எதையும் கேட்பார்.

"இதுக்கா இவ்வளவு ஓட்டம்?" என்றார் அவர். "முதல் தண்ணி ஊத்தி வைக்கிறவரைக்கும் எந்தக் கெண்டியும் மண்ணுதான் பெங். படையல் தண்ணி உள்ள போனாத்தான் அது புத்தரோட பாத்திரம். காஞ்சு கெடக்கிறதை நீ தாராளமா உடை. உன் வீட்டம்மாகிட்ட நான் சொன்னதாச் சொல்லு."

பெங்குக்கு உயிர் வந்தது. மூன்றுமுறை தரையில் நெற்றிபட வணங்கி எழுந்து, மடத்தின் படிகளில் பாதி இறங்கியிருப்பார். அப்போதுதான் மழை பிடித்தது. குன்றும் சூளைகளும் மறையும்படிக் கொட்டித் தீர்த்து, அவர் முற்றத்தை அடைந்தபோது சொல்லிவைத்தாற்போல் நின்றது. இருபத்து மூன்று கெண்டிகளும் வாய் திறந்தபடி, விளிம்புவரை நீர் தளும்ப நின்றுகொண்டிருந்தன.

வாயிற்கதவுக்கு வெளியே ரூய்லான் கைகூப்பி நின்றார். கணவர் விட்டுவிட்டுப் போன சோற்றை எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். சியூன் சொன்னதைப் பெங் வாய்குழறிச் சொல்லி முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"முதல் தண்ணிய வானமே ஊத்திடுச்சு பாத்தியா!"

மறுநாள் காலையில், சேதியறிந்த ஃபெய் சியூனைச் சூளை முற்றத்துக்கு வரவழைத்தார். தேறிய இருபது கெண்டிகளும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைக்கப்பட்டு, அரசப் படகு அந்தி முரசோடு புறப்படுவதாக இருந்தது. உடைத்தவை இருபத்து மூன்று என்று ஃபெய் முத்திரையிட்ட பட்டியலும் அதே படகில் போயாக வேண்டும்.

"சாமி, தண்ணிய ஊத்தினது மழை. மழை என்ன பிக்குவா?" என்றார் ஃபெய்.

"தண்ணி ஊத்தணும்னு சொன்னேன். யார் ஊத்தணும்னு நான் சொல்லலியே" என்றார் சியூன். அவர் குரலிலும் கலக்கம் இருந்தது. "யோசிச்சுப் பாத்தா வானத்தைவிடப் பெரிய பிக்கு யாரு இருக்கா?"

"சரி, கவுத்துக் கொட்டிட்டா?"

"வச்ச படையலைக் கொட்டுறதா! அது உடைக்கிறதைவிட மோசம்."

ஃபெய் ஒவ்வொரு விரலாக மடக்கினார். "உடைச்சா புத்தர் சொத்தை அழிச்ச குத்தம். பேரரசர் புத்தருக்கு வேண்டிய பக்தர், கழுத்து போகும். உடைக்காம வச்சுக்கிட்டா அரசர் சொத்தைத் திருடின குத்தம், கழுத்து போகும். அரண்மனைக்கே அனுப்பினா மூக்கு கோணினதை அனுப்பின குத்தம்; அதுக்கும் கழுத்துதான். எனக்கு இருக்கிறது ஒரு கழுத்து சாமி!"

சியூன் கொறித்த விதைத்தோடு முற்றத்தில் சிறு குவியலாகச் சேர்ந்தது. கடைசியில் அவர் தலைநிமிர்ந்தார்.

"இதுல எது குறை இல்லாம இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அப்போ எல்லாம் சூளைக்குள்ளேயே உயிர விட்டுடுச்சு. இது பாத்திரம் இல்ல, பாத்திரத்தோட உடம்பு. தண்ணி விழுந்தது படையல் இல்ல, செத்தவங்களைக் குளிப்பாட்டினது. செத்த உடம்ப என்ன செய்வோம்? மந்திரம் சொல்லிப் புதைப்போம்."

"உடைக்கணுமே சாமி?"

"குழிக்கு ஏத்த மாதிரி மடக்கி வைக்கிறதுல பாவம் ஏது?"

ஃபெய் எழுந்து நின்று வணங்கிவிட்டார். சடங்குக்கு வேண்டியவை நொடியில் வந்தன. ஊதுபத்தி, வெள்ளைக் காகிதம், துக்கத்துக்குரிய முரட்டுச் சணல் ஆடை. அந்த ஆடையை யார் உடுத்துவது என்பதில்தான் சிக்கல் எழுந்தது. இறந்தவருக்கு உரியவர் ஒருவர் முன்னின்று துக்கம் காக்க வேண்டும். கெண்டிகளைப் பெற்றவர் யார்?

"நான் வயித்த மட்டுந்தான் சுத்தினேன். கழுத்து வேற ஆளு" என்றார் சக்கரம் சுற்றுபவர்.

"நான் கோடு போட்டதோட சரி. உள்ள இருக்கிற நீலத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல."

"கோடு இல்லாத எடத்துல நான் நீலம் வச்சேனா? முதல்ல அவனைக் கேளுங்க."

"நான் தீ வச்சேன். கொன்னவன்னு வேணா எழுதிக்குங்க, பெத்தவன்னு எழுதாதீங்க" என்றார் சூளைக்காரர்.

எழுத்தர் ஜோங் ஒருவரே அமைதியாகத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எழுதியிருப்பதைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர் அவர். "இந்த இருபத்து மூணுக்கு எதிர்ல ஒரே ஒரு பேர்தான் இருக்கு. ஒப்படைக்கப்பட்டவர், பெங் மூஷான்" என்றார்.

பெங் சணல் ஆடை உடுத்தி மண்டியிட்டார். சியூன் மந்திரம் ஓதினார். ரூய்லான் ஊதுபத்தி ஏற்றி உண்மையாகவே அழுதார். அழுதுகொண்டே கணவரைப் பார்த்த பார்வையில் பல மாதங்களாகக் காணாத கனிவு இருந்தது. தலையும் தப்பியது, மனைவியும் தங்கினார் என்று பெங் எண்ணினார். மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்து சுத்தியலை நோக்கிக் கை நீட்டினார்.

"தொடக் கூடாது" என்றார் ஜோங்.

"ஏன்?"

"துக்கம் காக்கிறவர் இருபத்தேழு மாசம் அரசாங்க வேலை எதுவும் செய்யக் கூடாது."

"அது பெத்தவங்க செத்தாத்தானேய்யா!" என்று கத்தினார் ஃபெய்.

"பெத்தவங்களுக்கு இருபத்தேழு மாசம். பிள்ளைக்கு ஒரு வருஷம். கெண்டிக்கு எவ்வளவுன்னு விதியில இல்ல. விதி சொல்லாத எடத்துல எது நீளமோ அதையே எடுத்துக்கிறதுதான் வழக்கம்."

"சரி, சக்கரக்காரனை உடைக்கச் சொல்லு."

"அவர் சக்கரக் குடியாப் பதிவானவர். பதிவை விட்டு வேற தொழில் பண்ணினா நூறு பிரம்படி. கோட்டுக்காரர், நீலக்காரர், தீக்காரர் எல்லாருக்கும் அதேதான். சுத்தியல் பிடிக்கலாம்னா அது தச்சராப் பதிவான பெங் மட்டுந்தான்." ஜோங் பதிவேட்டை மூடிவிட்டுப் பணிவோடு சொன்னார்: "இந்த முற்றத்துல எந்தக் குடியிலயும் பதிவாகாத அரசாங்க ஆளு பிரபு ஒருத்தர்தான்."

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஃபெய் தம் பட்டு மேலாடையைக் கழற்றி மடித்து வைத்தார். சட்டைக் கையைச் சுருட்டினார். பிறந்ததிலிருந்து தூரிகையைவிடக் கனமான எதையும் தூக்கியறியாத கை அது. சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்தார். யாரோ திருப்பிக் கொடுத்தார்கள். மழைநீரோடு நின்றிருந்த முதற்கெண்டியின்மேல் ஓங்கி அடித்தார். சுத்தியல் வழுக்கி, கெண்டியின் மூக்கு மட்டும் பறந்துபோய்ச் சியூனின் விதைத்தோட்டுக் குவியலில் விழுந்தது.

பெங்கின் தோள் தானாகத் துடித்தது.

இரண்டாம் அடியில் கைப்பிடி போயிற்று. மூன்றாம் அடி தரையில் விழுந்தது. நான்காம் அடியில் கெண்டி சாய்ந்து, மணிபோல் ஒலித்துக்கொண்டு முற்றத்தின் சரிவில் உருண்டது. பேரரசரின் மேற்பார்வைப் பிரபு அதன்பின்னே சுத்தியலோடு ஓடினார். எழுபது கைவினைஞர்களும் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்து நின்றார்கள்.

"கைப்பிடி வயித்தோட சேருற எடம் ஐயா... ஓங்க வேணாம், தட்டினாப் போதும்..." என்றார் பெங்.

"துக்கத்துல இருக்கிறவன் வாயத் தொறக்காத!"

கெண்டியைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஃபெய் பொறுமையிழந்து இரண்டாம் கெண்டிக்குத் தாவினார். அதன் குல்லாய் விளிம்பில் பாதி போயிற்று. தாமரையின் குறுக்கே விரிசல் ஓடியது. ஆனால் அது உடையவில்லை. அசையாமல் நின்று, விரிசல் வழியே நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது. நல்ல மண், நன்றாகச் சுட்டது. ஃபெய் அதைக் காலால் எட்டி உதைத்துவிட்டு, தம் காலைப் பிடித்துக்கொண்டு குந்தினார்.

ரூய்லானால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

"ஐயோ, அத இப்படி வதைக்காதீங்க!" என்று ஓடிவந்தார். வந்தவர் ஃபெய்யிடம் நிற்கவில்லை. நேரே கணவர்முன் போய் நின்றார். "இந்தாய்யா! பாத்துக்கிட்டு நிக்கிறியே, நீ மனுஷனா கல்லா? போய் அத முடிச்சு வையி!"

பெங் திகைத்தார். "தொட்டா மடத்துக்குப் போயிடுவேன்னியே?"

"அது முழுசா இருந்தப்போ சொன்னது. இப்பப் பாரு, மூக்கும் இல்லாம கையும் இல்லாம, உயிரும் போகாம நிக்குது!"

"சரி, இந்த ரெண்டு. மிச்சம் இருபத்தொண்ணு?"

ரூய்லான் திரும்பி ஃபெய்யைப் பார்த்தார். அவர் நொண்டிக்கொண்டே மூன்றாம் கெண்டியைக் குறிவைத்து, சுத்தியலை இரு கையாலும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தாள் கையில சிக்குறதுக்கு உன் கையிலயே போகட்டும்."

"பனி நரகம்?"

"போர்வை கொண்டுகிட்டு நானும் வரேன். நீ போ."

"முடியாது" என்றார் ஜோங். "அவர் துக்கத்துல இருக்கார்."

ரூய்லான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கணவரின் சணல் ஆடையை உருவித் தம் தோள்மேல் போட்டுக்கொண்டு, இடுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "துக்கம் நான் காக்கிறேன். இருபத்தேழு மாசமும் நானே காக்கிறேன். என் பேர் உங்க புஸ்தகத்துல எங்க இருக்கு, பாத்துச் சொல்லுங்க."

ஜோங் பார்த்தார். முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை பார்த்தார். கைவினைஞர்களின் மனைவியருக்கு அதில் தலைப்பில்லை. பதிவில் இல்லாதவர் துக்கம் காப்பதைத் தடுக்கும் விதியும் இல்லை. கடைசித் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "குறிப்பு ஏதுமில்லை" என்று மட்டும் சொன்னார்.

ஃபெய் சுத்தியலைப் பெங்கிடம் நீட்டியபோது அவர் கண்களில் நீர் நின்றது. அது நன்றியா கால்வலியா என்பதை யாரும் கேட்கவில்லை.

பெங் முதலில், சரிவில் மூக்கும் கையுமற்று நின்றிருந்த கெண்டியிடம் போனார். கைப்பிடி இருந்த இடத்தின் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். "அமிதாப புத்தா" என்றார் ரூய்லான். சுத்தியல் ஒருமுறை தொட்டது. கெண்டி தாமரை இதழ்போல் எட்டாக விரிந்து அமர்ந்தது. அடுத்தது. மறுபடியும் நாமம், மறுபடியும் ஒரு தட்டு. ஐந்தாம் கெண்டிக்குள் இருவருக்கும் தாளம் கூடிவிட்டது. பத்தாவதில் சியூனும் சேர்ந்து சொல்லத் தொடங்கினார். பதினைந்தாவதில் நீலம் நிரப்புபவரும் கோடு வரைபவரும் பகை மறந்து ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு சில்லுகூட உள்ளங்கையைவிடப் பெரிதில்லை. தம் வாழ்நாளிலேயே சிறந்த உடைப்பு அதுதான் என்று பெங் பின்னாட்களில் கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிவந்தார்.

குழி மூடப்பட்டது. ஃபெய் பட்டியலில் முத்திரையிட்டார். முரசு ஒலிக்க அரசப் படகு நகர்ந்தது. அதன் பின்னாலேயே அக்கரைப் படகுக்காரர் துறையில் துடுப்பை ஊன்றிக் குரல் கொடுத்தார்.

"பெங் வீட்டம்மா! காலையிலயே எடம் சொல்லி வச்சீங்களே, வரீங்களா இல்லியா?"

ரூய்லான் மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றார். சணல் ஆடையின் ஓரம் ஈரமண்ணில் புரண்டது. பெங் சுத்தியலிலிருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படிய்யா வர்றது?" என்று திருப்பிக் கத்தினார் ரூய்லான். "கண்ணு தெரியலியா? வீட்டுல இருபத்து மூணு சாவு! துக்கக்காரி ஆறு தாண்டலாமா?"

படகு போய்விட்டது. வீட்டுக்கு நடக்கும்போது பெங் மெல்லக் கேட்டார்: "இருபத்தேழு மாசம் முடிஞ்ச பிறகு?"

"அதுக்குள்ள நீ வேற எதையாச்சும் உடைச்சு வைப்ப. அதுக்கும் துக்கம் காக்க ஆள் வேணும்ல?" என்றார் ரூய்லான். வாசலில் அவரை உட்காரவைத்து, வெளிச்சம் இருக்கும்போதே கையை நீட்டச் சொல்லி, முழங்கைக்குக் கீழே ஏறியிருந்த பீங்கான் சிம்புகளை ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்.